கேஷ் என்ற சொல் நம்ம காசிலிருந்து போனதா?

ரதவீதி பாத்திரக்கடை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி டவுனில் எங்களுக்குப் பாத்திரக்கடை. அப்பாவுக்கு அப்புறம் கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் கேள்வி. ஆனால் முழுக்கதையும் சொன்னால்தான் விளங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துத் தமிழ் மன்றத்தில் பேசப் பேர் கொடுத்திருந்தான். தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்கள் என்று தலைப்பு. கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், “கடைக்குக் கடை கேஷ் கேஷ் என்கிறோமே, அதுவும் நம்ம காசுதான்” என்று முடித்திருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் எழுந்து, “அது இத்தாலிக்காரன் சொல். தெரியாததை மேடையில் பேசக் கூடாது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாளாகச் சோற்றை அளைந்துகொண்டே இருந்தான். அந்த வரியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்குச் சொன்னது எங்கப்பா.

சரஸ்வதி பூஜைக்குக் கல்லாப்பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்தோம். தாத்தா செய்துவைத்த தேக்குப் பெட்டி. சில்லறை போட உள்ளே ஆறு குழி உண்டு. அதில் ஒரு குழியின் அடிப்பலகை ஆடியது. கத்தி முனையால் நெம்பினேன், அடியில் ஒரு செம்புக் காசு கிடந்தது. இப்போதைய பத்து ரூபாய்க் காசைவிடப் பெரியது. ஒரு பக்கம் கேடயம், அதன் இரண்டு புறமும் சிங்கம், கீழே 1808. மறுபக்கம் உருது மாதிரி எழுத்து. அதற்குக் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் இங்கிலீஷில் கேஷ் என்று போட்டிருக்கிறது. பையன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். “அம்மா, கேஷ்னு இருக்கும்மா” என்றான். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

இப்போது சொல்லுங்கள், எங்கப்பா சொன்னது சரியா, அந்த ஆசிரியர் சொன்னது சரியா? அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுகிறேன் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறான். இன்னொரு தடவை தப்பான வரியை அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது. காசைப் புளி போட்டுத் தேய்த்து நாளைக்குப் படம் போடுகிறேன்.

பாபநாசத்துக்காரன் எழுதியது:

இதில் என்ன சந்தேகம் அக்கா? காசு, கேஷ், வாயில் சொல்லிப் பார்த்தாலே தெரிகிறதே. பையனைத் தைரியமாகப் பேசச் சொல்லுங்கள். கையில் காசே இருக்கிறது, அதைவிடச் சாட்சி வேண்டுமா? முந்திரியை இங்கிலீஷில் கேஷ்யூ என்கிறார்களே, அதுவும் காசுக்கொட்டை என்பதிலிருந்து போனது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாளை காசாளர் எழுதியது:

அம்மா, முதலில் புளியைத் தூர வையுங்கள். அந்தக் காசின் மேலே இருக்கிற பழுப்பு பல தலைமுறையாகப் படிந்தது. தேய்த்தால் அதோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். பழங்காசு சேர்க்கிறவர்கள் தேய்த்த காசைக் கையால் தொடமாட்டார்கள். வெறும் தண்ணீரில் நனைத்துப் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், போதும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். உங்கள் அப்பா சொன்னதும் உண்மை, அந்த ஆசிரியர் சொன்னதும் உண்மை. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொல் இருக்கிறது. எழுத்தும் ஒலியும் ஒன்றுதான், பிறந்த வீடு வேறு. ஆளுக்கொரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

34 வருஷம் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கூண்டுக்கு மேலே ஒரு பலகை தொங்கும். மேல் வரியில் தமிழில் காசாளர், கீழ் வரியில் இங்கிலீஷில் கேஷியர். அதைப் பார்த்து, “நம்ம சொல்லைத்தானே சார் அவன் எடுத்துக்கிட்டான்” என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. நானும் ரொம்ப நாள் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, பாளை மைய நூலகத்தில் பெரிய அகராதியை இறக்கி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பலகையில் இருந்த இரண்டு வரிக்கும் ரத்த சம்பந்தம் இல்லை என்று. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மேலே படிக்கப் படிக்க வருத்தம் போய்விட்டது, ஏனென்றால் நம்ம காசு போன பாதை அதைவிடப் பெரியது.

கடையில் நாம் சொல்கிற கேஷ், பெட்டியில் பிறந்தது. லத்தீனில் கப்சா என்றால் பெட்டி. அதுவே இத்தாலியில் காஸா, பிரெஞ்சில் கேஸ் என்று ஆனது. 1590களில் ஆங்கிலத்துக்கு வந்தபோது வியாபாரி பணம் வைக்கிற பெட்டிக்கும் கேஷ் என்றுதான் பேர், பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் அதே பேர். போகப் போகப் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றுவிட்டது. சூட்கேஸில் வருகிற கேஸும் இதே வீட்டுப் பிள்ளைதான். மருந்துக் கடையில் வாங்குகிற கேப்சூல், சின்னப் பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல். மாத்திரையைப் பிரித்தால் பெட்டி மாதிரிதானே இருக்கிறது!

பெட்டியின் பேர் பணத்துக்கு எப்படி ஆகும் என்று பையன் கேட்டால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தையே காட்டுங்கள். கல்லா என்பது பெட்டி. ராத்திரி கடை சாத்தும்போது வீட்டில், “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்டால் பெட்டியின் நீள அகலத்தையா சொல்கிறீர்கள்? அன்றைய வரவைத்தானே சொல்கிறீர்கள். இத்தனைக்கும் கல்லாவும் நமக்கு வெளியிலிருந்து வந்த சொல்தான். அரபியில் தானியம் என்று பொருள்படும் சொல், உருது வழியாக வந்து கடைப்பெட்டியாகி, பெட்டிக்குள் இருக்கிற பணமாகவும் ஆகிவிட்டது. கேஷ் நடந்த அதே நடைதான் இதுவும்.

இரண்டாவது கேஷ், உங்கள் கையில் இருக்கிறதே, அதுதான் நம்ம காசு. காசை வடமொழிக் கர்ஷம் என்ற எடைப் பெயரோடு சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் தமிழில் அது சங்க காலத்திலேயே இருக்கிற சொல். குறுந்தொகையில் 67ஆம் பாட்டு, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. கிளி ஒன்று வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புது நூலில் கோப்பதற்காகக் கூரான நகத்துக்கு நடுவே பிடித்த பொன் காசு மாதிரி இருக்கிறதாம். நம்ம ஊரில் வேப்பம்பழம் உதிர்கிற மாதத்தில் அந்தக் கிளியையும் பழத்தையும் தினமும் பார்க்கலாம். அந்தக் காசு கடையில் கொடுக்கிற காசு இல்லை, கழுத்திலோ இடுப்பிலோ கோத்துப் போடுகிற காசு. இன்றைக்கும் காசுமாலை என்கிறோமே, அதே வழக்கம். சோழர் கல்வெட்டுகளுக்கு வந்தால் காசு பணமாகவே புழங்குகிறது. வெண்பாவின் கடைசிச் சீருக்குக்கூட நாள், மலர், காசு, பிறப்பு என்றுதான் வாய்பாடு. உங்கள் பையன் மேல் வகுப்பில் படிப்பான்.

இந்தக் காசைக் காதில் வாங்கியவர்கள் போர்த்துக்கீசியர்கள். அவர்கள் ஊர் மொழியில் பெட்டிக்குக் கைஷா என்று பேர், முன்னே சொன்ன அதே லத்தீன் பெட்டியின் பேத்திதான். நம்ம காசு என்ற சொல்லையும் அவர்கள் கைஷா என்றே எழுதிவைத்தார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டது அங்கேதான். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்து கேஷ் ஆக்கினார்கள். கீழ்த்திசையில் எங்கே சின்னச் செப்புக் காசைப் பார்த்தாலும் அதற்கு கேஷ் என்று பேர் வைத்தார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசு இருக்கிறதே, சீனர்கள் அதை எண்ணுவது வென் என்று. ஆனால் ஆங்கிலப் புத்தகம் எதைத் திறந்தாலும் அதற்கு கேஷ் என்றுதான் பேர். நம்ம சொல் சீனக் காசுக்குப் பேராகிவிட்டது! பையன் மேடையில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

உங்கள் காசு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக அடித்தது. பர்மிங்காம் பக்கத்தில் சோஹோ என்ற இடத்தில் மேத்யூ போல்டன் வைத்திருந்த நாணயச் சாலையில், நீராவி இயந்திரத்தில் அடித்தார்கள். அப்போது இங்கே கணக்கு, 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக உங்கள் காசு நாலு சேர்ந்தால் ஒரு பணம். 1818இல் வெள்ளி ரூபாயை நிலைநாட்டிய பிறகு இந்தக் கணக்கு எடுபட்டுப் போயிற்று. மறுபக்கத்தில் இருப்பது உருது இல்லை, பாரசீகம். இருபது காஸ் நாலு ஃபலூஸ் என்று எழுதியிருக்கும், ஃபலூஸ் என்பதும் செப்புக் காசின் பேர்தான். அந்தப் பக்கத்தில் காஸ் என்றே இருக்கிறது பாருங்கள், நம்ம காசுக்கு கேஷைவிடக் கிட்டத்தில்.

தம்பி சொன்ன கேஷ்யூ மட்டும் வேண்டாம். அது தென் அமெரிக்காவில் துப்பி என்ற மொழியில் பிறந்தது. போர்த்துக்கீசியர் காஜு என்று கொண்டுவந்தார்கள். காசுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நமக்கு அண்டிப்பருப்பு, கொல்லாம்பழம் என்று அழகான பேர் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தச் சிங்கங்களின் முகம் தெளிவாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? விரலால் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள்.

செங்கோட்டைப் பேத்தி எழுதியது:

எங்கள் ஆச்சி சுருக்குப்பையில் வைத்திருந்த காசு ஞாபகம் வந்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், மேலே சங்கு. வெற்றிலை இடிக்கும்போது அதை எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைப்பாள், எண்ணிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வாள். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், 1949க்குப் பிறகு 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, அதனால் எங்களுக்குத் தனிக் கணக்கு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பெருக்கிப் பார்த்தால் ஒரு ரூபாய்க்கு 448 காசு. இங்கிலீஷில் அந்தக் கணக்கை எழுதும்போது காசை கேஷ் என்றும் சக்கரத்தைச் சக்ரம் என்றும்தான் எழுதுவார்கள். அதாவது 1949 வரைக்கும்கூட இரண்டாவது கேஷ் இங்கே உயிரோடு புழங்கியது. திருநெல்வேலிச் சந்தைக்கு வந்தால் அணா, மலை ஏறி ஊருக்குப் போனால் சக்கரம். ஆச்சி இரண்டையும் மனக்கணக்காகவே மாற்றிச் சொல்வாள்.

ரதவீதி பாத்திரக்கடை எழுதியது:

அண்ணாச்சி, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. புளியை ஊறப் போட்டிருந்தேன். எடுத்து ரசத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

சிங்கத்தைத் தடவிப் பார்த்தோம். உடம்பு தெரிகிறது, முகம் இல்லை. இரண்டுமே மழுமழுவென்று இருக்கிறது. ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்தும் பாதி தேய்ந்து போயிருக்கிறது. ஆண்டும் கேஷ் என்ற சொல்லும்தான் நன்றாக இருக்கிறது. ஏன் கேட்டீர்கள்?

பாளை காசாளர் எழுதியது:

சந்தோஷம். அப்படியானால் அது உண்மையாகவே புழங்கிய காசு.

ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். 1808இல் அடித்த இதே காசை ஏற்றிக்கொண்டு அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் சென்னைக்குக் கிளம்பியது. 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கிவிட்டது. 1980களில் முக்குளித்து எடுத்தார்கள், லட்சக்கணக்கில் வந்தது. இன்றைக்குப் பழங்காசுக் கடைகளில் 1808 என்று கிடைப்பதில் நிறைய அந்தக் கப்பல் காசுதான். அவற்றில் சிங்கத்தின் முகம் அப்படியே இருக்கும். கடல்தண்ணீர் அரித்திருக்கலாம், ஆனால் கைபட்டுத் தேய்ந்திருக்காது. ஒரு மனுஷன்கூட அதைக் கொடுத்து ஒரு படி நெல் வாங்கியதில்லை.

உங்கள் சிங்கத்தின் முகத்தைத் தேய்த்தது நம்ம ஜனங்களின் விரல். இன்னொரு கப்பலில் தப்பி வந்து, எத்தனை மடியில், எத்தனை முந்தானை முடிச்சில் இருந்துவிட்டு உங்கள் தாத்தாவின் பெட்டிக்கு வந்ததோ. பணம் எண்ணியே காலத்தைக் கழித்தவன் நான், தேய்ந்த காசு என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. புதுக்காசை எண்ணும்போது விரல் வழுக்கும். பழசு அப்படியே பதிந்து உட்காரும்.

ஆலங்குளம் சுபேதார் எழுதியது:

பட்டாளத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்கு கேஷியர் என்றால் காசாளர் மட்டும் இல்லை. ஓர் அதிகாரியை மானம் கெட வேலையை விட்டு நீக்கினால் அதற்கும் கேஷியர் என்றுதான் சொல்வார்கள். நம் நாட்டு 1950ஆம் வருஷ ராணுவச் சட்டத்தில் அதிகாரிகளுக்கான தண்டனைகளில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தபோது, பணத்தைக் கையாடியவருக்கு மட்டும் தருகிற தண்டனை போல என்று நினைத்திருந்தேன். பிறகு கல்விப் பிரிவு ஹவில்தார் விளக்கினார். அது பெட்டிச் சொல்லும் இல்லை, காசுச் சொல்லும் இல்லை. பிரெஞ்சில் உடைப்பது, ரத்து செய்வது என்று பொருள்படும் சொல், டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக ஒரே உச்சரிப்பில் மூன்றாவது வீடும் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு இது தேவைப்படாது, தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

முத்துநகர் மீனவன் மகன் எழுதியது:

காசைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, துட்டை விட்டுவிட்டீர்களே! தூத்துக்குடி, திருநெல்வேலி இரண்டு பக்கமும் வாயைத் திறந்தால் துட்டுதான். “துட்டு இருக்கால?”, “துட்டை எடுத்து வையி.” அது டச்சுக்காரர்களின் டைட் என்ற செப்புக் காசின் பேர். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். 160 டைட் சேர்ந்தால் அவர்கள் ஊரில் ஒரு கில்டர். சின்னக் காசு, அதனால்தான் ஏழை எளியவர் வாயில் ஏறியது. தமிழ்ப் பேரகராதியிலேயே துட்டுக்கு டச்சு மூலம்தான் கொடுத்திருக்கிறது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. வலை சரிபார்க்கிற ஊசி, பித்தளைக் கொக்கி எல்லாம் கிடக்கிற தகரடப்பாவில் அதுவும் கிடக்கும். ஒரு பக்கம் பெரிய வி, அதன் காலில் ஓ, சி இரண்டும் கோத்த மாதிரி ஒரு முத்திரை. டச்சுக் கம்பெனியின் பேர்ச்சுருக்கம் அது. நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அதை வ.உ.சி. காசு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். கப்பல் ஓட்டியவர் காசும் அடித்திருப்பார் என்று உறுதியாக நம்பினோம். அப்பாதான் ஒரு நாள் அதிலிருக்கிற வருஷத்தைக் காட்டினார், 1700 சொச்சம். வ.உ.சி. பிறந்தது 1872.

ஆக கேஷில் காசு போனது, துட்டில் டைட் வந்தது. ஒரே கடற்கரை வழியாக ஒன்று போனது, ஒன்று வந்தது. பையனிடம் இதையும் சொல்லுங்கள் அக்கா, கைதட்டு வாங்குவான்.

பாபநாசத்துக்காரன் எழுதியது:

காசாளர் ஐயா, கேஷ்யூ விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி. நானும் இரண்டு பேருக்கு அப்படியே சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் மாற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ரதவீதி பாத்திரக்கடை எழுதியது:

கூட்டம் நேற்று முடிந்தது. எழுதிக் கொடுக்கவா என்று கேட்டேன், வேண்டாம் என்று அவனே எழுதினான். முதலில் அந்த ஆசிரியரைப் பார்த்து, “சார், நீங்கள் சொன்ன இத்தாலியப் பெட்டியும் சரி” என்றுதான் ஆரம்பித்தானாம். கல்லாவைச் சொல்லி, கிளியைச் சொல்லி, சீனக் காசு வரைக்கும் போயிருக்கிறான். துட்டு வந்ததும் பின்பெஞ்சுப் பிள்ளைகள் ஒரே சத்தம். கடைசியில் அந்த ஆசிரியர் காசைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாராம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதை எதில் துடைச்சே?” என்று கேட்டாராம். “பச்சைத் தண்ணி சார்” என்று சொல்லியிருக்கிறான்.

காசைத் திரும்ப அதே குழியில் வைத்து அடிப்பலகையை மூடிவிட்டோம். ஆணி அடிக்கவில்லை.